பந்து வீச்சு வீரர் பல்வங்கர் பாலு

திருநாளைப்போவார் நாயனாரின் சரிதத்தை நம்மில் அறியாதார் இலர். ஆலயங்களிலே முழங்கும் பேரிகைகளுக்குத் தோலும் வாரும், யாழுக்கும் வீணைக்கும் நரம்பும் அன்போடு கொடுத்து வந்தவர் அவர். அவர் கொடுத்த தோல் ஆலயத்தினுள்ளே சென்று இறைவன் சந்நிதியில் ஒலித்தது. கொடுத்த அடியாரோ திருவாயிலின் புறத்தே நின்றார். இக்கதையைக் கேட்டுக் கண்ணீர் உகுத்த நம் முன்னோர், தம் காலத்து நந்தனாரை அதே வாயிலிலே நிறுத்திவைத்தார்கள் என்பதும் மறைக்கவொண்ணாத உண்மையாகும்.

இங்கே நாம் கூறப்புகுவது அடியார் ஒருவரின் சரிதமன்று. விளையாட்டு வீரர் ஒருவரின் சரிதம். ஆயினும் இதுவும் தோலோடும் வாயிலோடும் தொடர்புடையதே. கிறிக்கெற் பந்தின் மேலே போர்த்தப்பட்டிருப்பது தோல். அத் தோற்பந்தைத் தம் இடக்கையால் வீசி, இந்துக்களுக்கு வெற்றிமேல் வெற்றி தேடித் தந்த பல்வங்கர் பாலு, தோல் வேலை செய்வோர் குலத்திலே பிறந்த காரணத்தால், தாம் வெற்றி தேடித் தந்தவர்களோடு கூடியிருந்து தேநீர் அருந்தவும் இயலாதவராயிருந்தார். அந்நிலை எவ்வாறு மாறியது, எவ்வளவு மாறியது, எதுவரை மாறாது நின்றது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

பிறப்பும் இளமையும்

பாலு 1875 அல்லது 1876ஆம் ஆண்டளவில், இன்று கர்நாடக மாநிலத்தைச் சேர்ந்ததாயுள்ள தார்வார் நகரிலே பிறந்தார். அவருடைய முன்னோர் கொங்கணக் கரையைச் சேர்ந்தவர்கள். பல்வங்கர் என்னும் குடும்பப் பெயர் அவர்தம் பூர்வீகக் கிராமத்தின் பெயரடியாக வந்தது. தோல் பதனிடுதலும் தைத்தலும் தொழிலாகக் கொண்ட சமார் என்னும் சாதியினர் அவர்கள். தீண்டத்தகாதவர் என்று அக்காலச் சமுதாயம் ஒதுக்கிவைத்த மக்களுள் ஒரு பகுதியினர்.

குடும்பம் பூனா நகரிலே வாழ்ந்தது. பூனா வெள்ளையர் பட்டாளங்கள் தங்கியிருந்த பெரிய இராணுவ நகரம். அங்கே உத்தியோகத்தர்கள் ஆடிக் கழித்து எறிந்த பழைய துடுப்புகளையும் பந்துகளையும் பொறுக்கியெடுத்து, பாலுவும் அவர் தம்பி சிவராமும் விளையாடப் பழகினர். பின்னாளிலே கண்பதி, விட்டல் என்னும் இளைய சகோதரர் இருவரும் இவ்விளையாட்டிலே சிறந்து விளங்கினர். ஒரு குடும்பத்திலே நால்வர் இங்ஙனம் பெயர் பெற்றமை எந்நாட்டிலும் அரிதாகக் காணப்படுவதொன்று.

ஏழைக் குடும்பத்துப் பிள்ளை உழைத்தே உண்ண வேண்டியவனல்லவா? பாலுவுக்குக் கிடைத்த முதல் வேலை, பூனாவிலே பார்சிகளுக்குரிய கிறிக்கெற் கழகமொன்றின் மைதானத்தைக் கூட்டுவதும் உருளையிழுத்துச் சமப்படுத்துவதுமாகும். மாதச் சம்பளம் 3 ரூபா. 1892ஆம் ஆண்டளவில் அவர் வெள்ளையருடைய பூனாக் கழகத்துக்கு மாறினார். அங்கே சம்பளம் 4 ரூபாவாயிற்று. ஆடுதளத்தைச் சீர்செய்தல், கோடு வரைதல், வலை கட்டுதல், ரெனிஸ் மைதானங்களைப் பேணுதல் ஆகியன அவருடைய கடமைகளாயின.

வலையருகே கற்ற வித்தை

கழகத்து வெள்ளையர்கள் பயிற்சி பெறும் வேளையில், பந்து வீசித் தருமாறு மைதான ஊழியரைப் பணிப்பதுண்டு. அவ்வாறு ஒருநாள் பாலுவின் கையிலும் பந்து கொடுக்கப்பட்டது. நாலைந்து அடி மெல்ல நடந்து வந்து, இடக்கையாற் பந்தை உயர வீசி, தரையிற் பட்டதும் அது திரும்புமாறு செய்யும் ஆற்றல் அவரிடம் இயல்பாகவே அமைந்திருந்தது. ஒரு பந்து வெளியே திரும்பும். அடுத்தது அதே கையசைவோடு வந்து உள்ளே திரும்பும். வேறொன்று மெதுவாக மிதந்து வந்து ஆட்டக்காரரை முன்னே இழுத்து ஏமாற்றும். எங்கே விழவேண்டுமென்று எண்ணினாரோ அங்கேயே பந்து விழும். இந்நுண்மையே அவரது பலம்.

அந்நாளிலே இந்தியாவிலிருந்த ஆங்கிலத் துடுப்பாட்டக்காரருள் தலைசிறந்தவர் ஜே. ஜி. கிரேக் என்னும் இராணுவ அதிகாரி. அவர் ஏனையோர் வருமுன்னரே மைதானத்துக்கு வந்து பாலுவின் பந்துகளை ஆடிப் பழகுவாராம். தம்மை ஆட்டமிழக்கச் செய்யுந்தோறும் பாலுவுக்கு எட்டணா கொடுப்பார் என்றும் ஒரு கதை வழங்கிவந்தது. கதை எவ்வாறாயினும், அவருக்கும் பிறருக்கும் நூற்றுக்கணக்கான மணிநேரம் பந்து வீசிய பயிற்சியே பாலுவைச் சிறந்த வீரராக்கியது என்பது உறுதி.

ஆயினும் ஒன்றை நாம் கவனிக்கவேண்டும். அத்தனை காலமும் பந்து வீசிய பாலுவிடம் ஒருநாளாவது துடுப்பைக் கொடுத்து ஆடும்படி அவ்வெள்ளையர்கள் கூறினாரல்லர். அக்கால வழக்கிலே துடுப்புப் பிடித்தல் துரைமாரின் பொழுதுபோக்கு. பந்து வீசுதல் ஏவலாளரின் வேலை. சாதியென்ற பெயரில்லாவிட்டாலும் உயர்வு தாழ்வு என்னும் வேலி அங்கும் இருந்தது.

மைதானத்தில் சமம்; மண்டபத்தில் விலக்கு

பூனாவிலிருந்த இந்துக் கழகத்தாருக்கு வெள்ளையர் கழகத்தைத் தோற்கடிக்க வேண்டுமென்பது பேரவா. அதற்குரிய பந்து வீச்சாளர் தம் நகரிலேயே இருக்கிறார் என்பதும் அவர்களுக்குத் தெரியும். ஆனால் அவரைச் சேர்ப்பதா, விடுவதா என்பதில் பெரும் வாதம் எழுந்தது. தெலுங்கரான உறுப்பினர் சிலர் சேர்க்கவேண்டுமென்றனர். மராட்டிய அந்தணர் பலர் எதிர்த்தனர். பாலுவை விலக்குவது அறிவீனமென்று கிரேக்கும் பகிரங்கமாகக் கருத்துத் தெரிவித்தார். முடிவில் வெற்றியாசை வைதிகத்தை வென்றது. பாலு சேர்க்கப்பட்டார்.

சேர்த்த விதமோ வியப்புக்குரியது. மைதானத்திலே பாலு தொட்ட பந்தை அந்தணரும் தொட்டனர். அவர் எறிந்ததை அவர்கள் ஏந்தினர். அவர் விக்கெற் வீழ்த்தியபோது கைதட்டி மகிழ்ந்தனர். தேநீர் இடைவேளை வந்ததும் பந்திலே இல்லாத தீட்டு மனிதனிலே வந்து குடியேறியது. மற்றையோர் மண்டபத்தினுள்ளே பீங்கான் கோப்பையிலே தேநீர் அருந்த, பாலுவுக்கு வெளியே, ஒருமுறை குடித்தபின் எறிந்துவிடும் மண் குவளையிலே கொடுக்கப்பட்டது. உணவும் தனியிடத்திலே, தனித் தட்டிலே. முகங் கழுவ வேண்டுமானால், அவர் குலத்தைச் சேர்ந்த பணியாள் ஒருவன் மைதானத்தின் ஒரு மூலைக்குத் தண்ணீர் கொண்டுபோய் ஊற்றவேண்டும்.

இந்த அவமதிப்பைப் பாலு எவ்வாறு தாங்கினார்? மண் குவளையை எறிந்துவிட்டு மைதானத்துக்குத் திரும்பி, விட்ட இடத்திலிருந்து பந்து வீசினார். வெள்ளையர் கழகம் தோற்றது. பின்னர் சதாரா நகரத்து வெள்ளையர், பாலுவின் பந்து திரும்பாதிருக்கும் பொருட்டு ஆடுதளத்தை நாட்கணக்காக உருளையிட்டு இறுக்கிவைத்தனர் என்பர். அங்கும் அவர் 7 விக்கெற்றுகளை வீழ்த்தி இந்துக்களுக்கு வெற்றி தேடித் தந்தார்.

சமூகச் சீர்திருத்தத் தலைவரான மகாதேவ கோவிந்த ரானடே அவர்கள் இதனை அறிந்தார். பாலுவோடு கூடி விளையாடலாமென்றால் கூடியிருந்து உண்ணுதலும் அருந்துதலும் ஏன் ஆகாதென்று கழகத்தாரை இடித்துரைத்தார். பொதுக்கூட்டமொன்றிலே அவர் கையாலேயே பாலுவுக்கு மாலை சூட்டினார். பாலகங்காதர திலகரும் பிறிதொரு மேடையிலே பாலுவைப் பாராட்டினார். இவ்வாறு, பெரியோர் சிலர் நேர்மையோடு பேசியமையால் முதற் கதவு சிறிது திறந்தது.

பம்பாயில் பெற்ற புகழ்

1890களின் பிற்பகுதியிலே பூனாவைக் கொள்ளைநோய் வாட்டியது. பாலு பம்பாய்க்குச் சென்றார். அங்கே றெயில்வேயில் உத்தியோகம் பெற்று, பரமானந்ததாஸ் ஜீவன்தாஸ் இந்து ஜிம்கானாவுக்காக விளையாடத் தொடங்கினார். அங்கும் முதலில் எதிர்ப்பு இருந்தது. ஆனால் காலஞ் செல்ல, பம்பாயிலே அவர் சக வீரர்களோடு ஒரே இடத்தில் அமர்ந்து உண்ணும் நிலை ஏற்பட்டது. தம்பி சிவராமும் துடுப்பாட்டத்திலும் பந்து பிடிப்பதிலும் வல்லவராகி அக்கோஷ்டியிற் சேர்ந்தார்.

1906ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்திலே பம்பாயில் இந்துக்களும் ஐரோப்பியரும் மோதிய போட்டி, வெறும் விளையாட்டாகக் கருதப்படவில்லை. முந்திய ஆண்டிலே வங்காளம் பிரிக்கப்பட்டுச் சுதேசியக் கனல் எங்கும் மூண்டிருந்த காலம் அது. பல்லாயிரம் மக்கள் திரண்டிருந்தனர். இந்துக்கள் 242, 160 என ஓட்டங்கள் எடுத்தனர். ஐரோப்பியர் 191, 102 என்ற எண்ணிக்கைகளிலே அடங்கினர். 109 ஓட்டங்களால் இந்துக்கள் வென்றனர். ஐரோப்பியரை வீழ்த்தியதிற் பாலுவின் பந்துவீச்சுக்குப் பெரும்பங்கு உண்டு.

பம்பாயிலிருந்து வெளிவந்த சீர்திருத்தப் பத்திரிகையொன்று அப்போது ஓர் உண்மையை எடுத்துக்காட்டியது. சாதி பாராது பாலு சகோதரரைச் சேர்த்தமையே இவ்வெற்றிக்குக் காரணமென்றும், விளையாட்டிலே கற்ற பாடத்தை நாட்டின் ஏனைய காரியங்களிலும் இந்துக்கள் கைக்கொள்ள வேண்டுமென்றும் அது எழுதியது. இக்கருத்து இன்றும் எவ்வளவு பொருத்தமானதென்பதை வாசகர் உணர்வாராக.

இங்கிலாந்துப் பயணம்

1911ஆம் ஆண்டிலே அகில இந்தியக் கோஷ்டியொன்று முதன்முதலாக இங்கிலாந்துக்குச் சென்றது. பார்சிகள், இந்துக்கள், முஸ்லிம்கள் ஆகியோர் ஒருங்கு சேர்ந்த அக்கோஷ்டிக்குப் பட்டியாலா மகாராசா பூபிந்தர் சிங் தலைவர். பாலுவும் சிவராமும் தெரிவுசெய்யப்பட்டனர். மகாராசாவோ அரச வைபவங்களிலும் விருந்துகளிலும் ஈடுபட்டு, ஒருசில போட்டிகளோடு நின்றுவிட்டார். கோஷ்டி ஆடிய முதல்தரப் போட்டிகள் 14. அவற்றுள் வெற்றி 2, தோல்வி 10, முடிவின்றி நின்றவை 2.

தோல்விகளின் நடுவே ஒருவர் மட்டும் ஓங்கி நின்றார். பாலுவுக்கு அப்பொழுது வயது முப்பத்தைந்தளவிலிருக்கும், தோள்மூட்டிலே வலி. அந்நிலையிலும் நாள்தோறும் நெடுநேரம் பந்து வீசினார். கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலைக்கு எதிராக ஒரே இனிங்ஸில் 103 ஓட்டங்கள் கொடுத்து 8 விக்கெற்றுகளை வீழ்த்தினார். லோட்ஸ் மைதானத்திலே எம்.சி.சி.க்கு எதிராகவும் 4 விக்கெற்றுகள். கோஷ்டி பெற்ற இரு முதல்தர வெற்றிகளும் லெஸ்டர்சயர், சமர்செற் ஆகிய மாகாணங்களுக்கு எதிராகக் கிடைத்தவை. பயணம் முடிந்தபோது பாலு வீழ்த்திய விக்கெற்றுகள் எல்லாமாக 114. ஒவ்வொரு விக்கெற்றுக்கும் சராசரி 18.84 ஓட்டங்கள். ஏவலாளனாகப் பந்து வீசித் தொடங்கியவர், அவ்விளையாட்டு வளர்ந்த நாட்டிலேயே அந்நாட்டவர் வியக்கும் வீரரானார்.

அவர் திரும்பி வந்தபோது பம்பாயிலே ஒடுக்கப்பட்ட மக்கள் ஒன்றுகூடி வரவேற்பளித்தனர். அவ்வைபவத்துக்கான வாழ்த்துப் பத்திரத்தை எழுதியளித்தவர் கல்லூரி மாணவர் ஒருவர். அவரே பின்னாளில் இந்திய அரசியல் சட்டத்தின் சிற்பியாகப் புகழ்பெற்ற டாக்டர் பீமராவ் அம்பேத்கார். தம் குலத்தார் தலைநிமிர்ந்து காணத்தக்க முதல் வீரராக அவ்விளைஞரின் கண்முன்னே பாலு நின்றார்.

கிட்டாத தலைமை

பாலு இந்துக் கோஷ்டியிலே மூத்தவர், ஆற்றலால் முதல்வர். அவரைத் தலைவராக்க வேண்டுமென ஆண்டுதோறும் குரல் எழுந்தது. ஆண்டுதோறும் உயர்சாதியார் ஒருவரே தலைவரானார். 1913ஆம் ஆண்டிலே தலைமை பெற்ற எம். டி. பாய் என்பவர், தமக்களித்த வரவேற்பின்போதே, இக்கௌரவம் தம்மினும் மூத்தவரான பாலுவுக்கே உரியதென வாய்விட்டுக் கூறினார். அப்பெருந்தகைமை போற்றத்தக்கது. ஆனால் தெரிவாளரின் மனம் இளகவில்லை.

1920ஆம் ஆண்டிலே நிலைமை முற்றியது. முதற் போட்டிக்குப் பாலு சேர்க்கப்படவில்லை. தலைவர் பாய் நோயுற்றிருந்தபோது, மூத்தவர்களான சிவராமையும் விட்டலையும் விடுத்து, வயதில் இளையவரான டி. பி. தேவதர் என்னும் அந்தண வீரரிடம் தலைமை ஒப்படைக்கப்பட்டது. தேவதர் சிறந்த ஆட்டக்காரர் என்பதில் ஐயமில்லை. ஆனால் தகுதியைப் பிறப்பு வென்றதென்பதை உணர்ந்த சகோதரரிருவரும் விலகி நின்றனர். தம் விலகலுக்குக் காரணம் சாதியால் நேர்ந்த அவமதிப்பே என்று பகிரங்க அறிக்கையும் விடுத்தனர். நெடுநாட் பொறுத்தவர்கள் பொறுமையிழந்து எழுந்த அவ்வேளை, பொதுமக்களில் மிகப் பலர் அவர்கள் பக்கமே நின்றனர்.

தெரிவாளர் சிறிது வளைந்து கொடுத்தனர். இறுதிப்போட்டிக்குப் பாய் தலைவராகத் திரும்பிவர, பாலு உபதலைவராக்கப்பட்டார். தம்பியரும் வந்து சேர்ந்தனர். போட்டியின் நடுவே பாய் மைதானத்தை விட்டுச் சிறிது நேரம் வெளியேறியபோது, அந்தணரும் பிறரும் அடங்கிய கோஷ்டியைப் பாலு வழிநடத்தினார். இருபது ஆண்டுகளுக்கு மேலாக உழைத்தவருக்குக் கிட்டிய தலைமை அச்சிறுபொழுதே. அத்தோடு அவரது பெரும்போட்டி வாழ்வும் முடிவுற்றது. அவர் ஆடிய முதல்தரப் போட்டிகள் 33, வீழ்த்திய விக்கெற்றுகள் 179, சராசரி 15.21.

மூன்றாண்டுகளின் பின்னர், 1923இல், தம்பி விட்டல் இந்துக் கோஷ்டியின் தலைவராக்கப்பட்டார். அவ்வாண்டு ஐரோப்பியரை இந்துக்கள் வென்றனர். உயர்சாதி இளைஞர்கள் விட்டலைத் தோள்மேல் தூக்கிச் சென்று ஆரவாரித்தனர். தமையன் உழுத வயலிலே தம்பி அறுவடை செய்தார். பயிர் விளைந்ததே என்பதில் நமக்கு மகிழ்ச்சி. உழுதவனுக்கு அது கிட்டவில்லையே என்பதில் நமக்குத் துயரம்.

பொதுவாழ்வு

ஆட்டத்தை விட்ட பின்னர் பாலு ஒடுக்கப்பட்ட மக்களின் நலத்திலே கருத்தைச் செலுத்தினார். 1932ஆம் ஆண்டிலே பிரித்தானிய அரசாங்கம் அம்மக்களுக்குத் தனித் தொகுதிகளை வழங்கியபோது, அதனை எதிர்த்து மகாத்மா காந்தியடிகள் பூனாவிலுள்ள எரவாடாச் சிறையிலே செப்டெம்பர் 20ஆம் தேதி உண்ணாவிரதம் தொடங்கினார். இந்து சமுதாயத்திலிருந்து தம் மக்கள் பிரிந்துபோகலாகாது என்பது பாலுவின் கொள்கை. தமிழ்நாட்டுத் தலைவரான எம். சி. ராஜாவும் அவ்வாறே கருதினார். பிரிவினை ஒன்றே பாதுகாப்பைத் தரும் என்பது அம்பேத்காரின் துணிபு. நீண்ட பேச்சின் பயனாகச் செப்டெம்பர் 24ஆம் தேதி பூனா ஒப்பந்தம் உருவாயிற்று. அம்பேத்கார், ராஜா, இரட்டைமலை சீனிவாசன் ஆகியோரின் கையொப்பங்களோடு பாலுவின் கையொப்பமும் அதிலே உண்டு. எந்த நகரத்திலே மண் குவளையைப் பெற்றாரோ, அந்த நகரத்திலேயே தேசத்தின் தலைவிதியை எழுதும் பத்திரத்தில் அக்கை ஒப்பமிட்டது.

1937ஆம் ஆண்டுத் தேர்தலிலே விதி ஒரு விநோதம் செய்தது. பம்பாய்ச் சட்டசபைத் தொகுதியொன்றிலே அம்பேத்காரை எதிர்த்துக் காங்கிரஸ் கட்சி பாலுவை நிறுத்தியது. ஒருகாலத்தில் வாழ்த்துப் பத்திரம் எழுதியவரும் அதனைப் பெற்றவரும் எதிரெதிரே நின்றனர். அம்பேத்கார் 13,245 வாக்குகள் பெற்று வென்றார். பாலுவுக்குக் கிடைத்தவை 11,225. இவ்விருவருள் யார் கொண்ட வழி சரியானது என்று தீர்ப்புக்கூற நாம் துணியோம். உள்ளேயிருந்து கதவைத் திறக்கலாமென நம்பினார் ஒருவர். அது திறவாதென்று கண்டு வேறு வழி தேடினார் மற்றவர். 1955ஆம் ஆண்டு யூலை மாதம் 4ஆம் தேதி பாலு பம்பாயிலே காலமானார். மறு ஆண்டிலே அம்பேத்கார் இந்து சமயத்தை விட்டுப் பௌத்தரானார். பாலுவின் நம்பிக்கையை நாம் மெய்ப்பித்திருந்தால், அம்பேத்கார் நம்மை விட்டுப் போயிருப்பாரா என்னும் வினா இன்றும் நம் முன்னே நிற்கின்றது.

நாம் கொள்ளவேண்டியது

பாலுவின் சரிதத்தைப் பூனாக்காரரின் குறையாக எண்ணி நாம் தப்பிவிட இயலாது. நம் குடாநாட்டுத் தேநீர்க் கடைகளிலும் தனிக் குவளைகள் இருந்தன. 1966ஆம் ஆண்டு தொடக்கம் அவற்றுக்கு எதிராக எழுந்த இயக்கத்தையும், 1968ஆம் ஆண்டிலே மாவிட்டபுரம் ஆலய வாயிலில் நிகழ்ந்தவற்றையும் மூத்தோர் மறந்திரார். நந்தனார் சரிதத்தை ஓதிக்கொண்டே வாயிலை அடைத்து நின்றவர்கள் நம்மவரே.

இளைஞர்களே! பாலுவிடமிருந்து நீங்கள் கற்கவேண்டியவை பல. கிடைத்த சிறு வேலையையும் வித்தையாக்கிக் கொண்ட உழைப்பு ஒன்று. அவமதிப்பால் தளராத உறுதி ஒன்று. பொறுக்க வேண்டிய காலத்தில் பொறுத்தும், எழவேண்டிய காலத்தில் எழுந்தும் சகோதரர் காட்டிய விவேகம் மற்றொன்று. உங்கள் கோஷ்டிக்குத் தலைவரைத் தெரியும்போது, பந்தைக் கையிலெடுத்துப் பாலுவை ஒருகணம் நினையுங்கள்.

பெரியோர்களே! ரானடே செய்ததை நீங்கள் செய்யலாம். இளைஞர் பேசத் தயங்கும் இடத்திலே மூத்தவர் ஒருவர் பேசினாற் போதும், கதவு திறக்கும். ஒருவனுடைய ஆற்றலை ஏற்று, அவனைப் புறத்தே நிறுத்தும் வழக்கம் எங்கேனும் எஞ்சியிருப்பின், அதனை நம் தலைமுறையோடு முடிப்போமாக. அடுத்த போட்டி முடிந்து தேநீர் வரும்போது, எல்லோரும் ஓரிடத்தில் அமர்ந்து ஒரேவிதக் கோப்பையிலே அருந்துவார்களாயின், அதுவே பல்வங்கர் பாலுவுக்கு நாம் எடுக்கும் சிறந்த நினைவுவிழாவாகும்.